கிரீஸ் கன்னுக்கு ஒரு நாள் முன்பே பூஜை

வடமதுரை பஸ்ஸில் ஏறினால் என் மனைவி ரீத்தா உட்கார இடம் தேடுவாள். நான் கியர்பாக்ஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். "ரிட்டயர் ஆகி இம்புட்டு வருஷமாச்சு, இன்னும் அந்தக் காதைக் கழட்டி வைக்க மாட்டீகளா?" என்பாள். எங்கே கழற்றுவது? திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் முப்பத்தாறு வருஷம் பராமரிப்பு ஃபிட்டராக இருந்த லூர்து நான். சத்தம் கேட்டுத்தான் சம்பளம் வாங்கினேன்.

போன மாதம் அந்த ஆலையின் இப்போதைய இன்ஜினியர் போன் செய்தார். நல்ல பையன். இப்போது பெரிய மெஷின் எல்லாவற்றிலும் சென்சார் ஒட்டியிருக்கிறார்களாம். சூடு ஏறினாலும் அதிர்வு கூடினாலும் செல்போனுக்கே செய்தி வந்துவிடுமாம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. பிறகு அவர் ஒரு சந்தேகம் கேட்டார். "சார், மத்த மில்லுல எல்லாம் ஆயுத பூஜை அன்னைக்குத்தான் டூல்ஸ சாமிகிட்ட வைக்கிறாங்க. நம்ம மில்லுல மட்டும் கிரீஸ் கன்ன முந்தின நாள் காலையிலயே எடுத்து, பொட்டு வச்சு, பீரோவுல பூட்டிடுறாங்க. ஏன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. ஏதாவது ஐதீகமா சார்?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ஐதீகம் பிறந்தபோது பக்கத்தில் இருந்தவன் நான். அதில் பாதி என் தப்பு. "அப்ப மில்லு மலருக்கு எழுதிக் குடுங்க சார்" என்றார். எழுதுகிறேன்.

படித்தது ஐ.டி.ஐ. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அரத்தால் இரும்பைத் தேய்த்து ஒரு சதுரம் செய்யச் சொன்னார்கள். இரண்டு வருஷம் தேய்த்தேன். ஆலைக்கு வந்த பிறகுதான் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கப் பழகினேன். நல்ல பேரிங் சீராக முனகும். கெட்டுப்போனது மணலை மெல்லுகிற மாதிரி கரகரக்கும். கரகரப்பு காதில் விழும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அந்தக் காலத்தில் உடைந்தால் மாற்றுவோம், அவ்வளவுதான் எங்கள் பராமரிப்பு.

நான் சொல்லப் போவது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எங்கள் ஆலையில் ஹெச் பிளான்ட் என்று ஒரு பெரிய அறை உண்டு. உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு விசிறி. தண்ணீர்த் தூறலுக்குள் புகுந்து வருகிற காற்றை அது இழுத்து ஸ்பின்னிங் கூடம் முழுவதும் தள்ளும். திண்டுக்கல் காற்று எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துவைத்த வேட்டி கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். அந்த வறட்சியில் பஞ்சு நூலாகாது. விசிறி நின்ற பத்தாவது நிமிஷம் இழைகள் பட்பட்டென்று அறும். அறுந்ததை ஒட்ட முடியாமல் பெண்கள் மெஷினுக்கு மெஷின் ஓடுவார்கள். அரை மணி நேரத்தில் கூடத்தையே நிறுத்த வேண்டியதுதான்.

அந்த விசிறியின் தண்டைத் தாங்குகிற பேரிங் இரண்டு. அதில் மோட்டார் பக்கத்துப் பேரிங் ஒரு வருஷம் மாசி மாதத்தில் போயிற்று. நான் புதிது மாட்டினேன். அடுத்த மாசியில் அதுவும் போயிற்று. ஐந்து வருஷம் ஓட வேண்டிய சாமான் ஒரு வருஷம்கூட ஓடவில்லை. மூன்றாவது பேரிங்கையும் நான்தான் மாட்டினேன். எண்ணெயில் சூடேற்றி, தண்டில் ஏற்றி, இடைவெளியைத் தகடு வைத்துப் பார்த்து, என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பயந்து நான் எதையும் செய்ததில்லை.

அதற்குள் டீக்கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. லூர்துக்குக் கைராசி இல்லை என்றார்கள். ஃபிட்டருக்கு இதைவிடக் கெட்ட பெயர் கிடையாது. மெஷினை ஒழுங்காகப் பூட்டத் தெரியவில்லை என்றால் கற்றுக்கொள்ளலாம். கையில் ராசி இல்லை என்றால் என்ன செய்வது? மேலிடத்தில் இருந்தும் ஒரு வார்த்தை வந்தது. இந்தப் பேரிங்கும் போனால் என்னைப் பஞ்சு குடோனுக்கு மாற்றிவிடுவது என்று. குடோனில் ஃபிட்டருக்கு வேலை ஏது? பேல் என்கிற பஞ்சுப் பொதியை உருட்டுவதுதான். இருபது வருஷம் பிடித்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பேல் உருட்ட வேண்டும் என்பதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

அந்த ஆடி மாதத்தில்தான் பராமரிப்பு மேனேஜராகக் கந்தசாமி சார் வந்து சேர்ந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். எல்லோரையும் "ங்க" போட்டுத்தான் கூப்பிடுவார். கேட்டில் படுத்திருக்கும் நாயைக்கூட "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். முதலில் நாங்கள் ஏமாந்துபோனோம், சாதுவான மனுஷன் என்று. பிறகுதான் புரிந்தது, அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "ஏனுங்க, கொஞ்சம் உட்காருங்களேன்" என்று நாற்காலியைக் காட்டினால் அவ்வளவுதான், உட்காரப் போகிறவன் தொலைந்தான்.

அவர் வரும்போதே ஒரு கருவியையும் கொண்டுவந்தார். பேனா அளவுதான் இருக்கும். முனையைப் பேரிங் உறையின் மேல் அழுத்தினால் அதிர்வை எண்ணாகக் காட்டும். கூடவே சூடு பார்க்க ஒரு தெர்மாமீட்டர். "தினம் பத்து மணிக்கு நீங்கதான் பாக்கோணும் லூர்து" என்று என்னிடம் கொடுத்தார். பேரிங் உறையில் மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தண்டு போகிற திசையில் ஒன்று என்று மூன்று இடத்தில் வெள்ளைப் பெயின்டால் பொட்டு வைத்தார். "பொட்டு வெச்ச எடத்துலயே வைங்க. எடம் மாறினா எண்ணும் மாறிப்போகுமுங்க. பத்து வரைக்கும் எண்ணிட்டுப் படிங்க. முதல்ல உங்க கை நோட்டுல எழுதுங்க, அப்புறம் செவுத்துல." சுவரில் ஒரு கட்டக் காகிதம் தொங்கியது. தினமும் அதில் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு.

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது உண்மைதான். இருபது வருஷக் காதை விட்டுவிட்டுப் பேனாவை நம்புவதா என்று தோன்றியது. ஒரு மாதம் புள்ளி வைத்த பிறகு அந்தக் கோட்டின் மேல் எனக்கே ஆசை வந்துவிட்டது. சூடு ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்து என்று கோடு படுத்தே கிடந்தது. என் கைராசிக்கு அது சான்றிதழ் மாதிரி. சாப்பாட்டு நேரத்தில் வேலையே இல்லாமல் போய் அதைப் பார்த்துவிட்டு வருவேன்.

ஆயுத பூஜை வந்தது. நான் கத்தோலிக்கன். ஆனால் எங்கள் ஆலையில் ஆயுத பூஜைக்கு எல்லோரும் ஒன்றுதான். முந்தின நாள் மூன்று ஷிஃப்டும் மெஷினைத் துடைத்துப் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கும். பொரி, சுண்டல், வாழைக்கன்று எல்லாம் வந்து இறங்கும். புது மேனேஜர் என்பதால் கந்தசாமி சாரை ஹெச் பிளான்டுக்குக் கூட்டிப்போய்க் கையில் கிரீஸ் கன்னைக் கொடுத்தோம். இரும்புக் குழாயும் நெம்புகோலும் உள்ள சாமான்தான். ஒரு தடவை நெம்பினால் ஒரு அடி என்போம். சார் சிரித்துக்கொண்டே பேரிங்குக்கு இரண்டு அடி அடித்தார். கைதட்டினோம்.

பூஜை முடிந்து ஆலை மறுபடி ஓடிய முதல் நாள் பத்து மணிக்குத் தெர்மாமீட்டரை வைத்தேன். அறுபத்து மூன்று. மறுபடி வைத்தேன். அதேதான். மறுநாள் அறுபத்தேழு. அதற்கு அடுத்த நாள் எழுபத்தொன்று. அதிர்வும் மெல்லக் கூடியது.

இந்த இடத்தை எழுத எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த மூன்று நாளும் சுவரில் நான் பழைய எண்ணையே வைத்தேன். ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்து, ஐம்பத்து நான்கு. பேனாவும் தெர்மாமீட்டரும் என் கையில் மட்டும்தான் இருந்தன, யார் கேட்கப் போகிறார்கள்? கோடு எழுந்தால் நான் குடோனுக்குப் போக வேண்டும். கோடு படுத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஃபிட்டராக இருக்கலாம். ஆனால் கை நோட்டில் பொய் எழுத வரவில்லை. அதில் அறுபத்து மூன்றும் அறுபத்தேழும் எழுபத்தொன்றும் அப்படியே இருந்தன.

மூன்றாம் நாள் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "என்ன, வெஞ்சனம் நல்லா இல்லையா?" என்றாள் ரீத்தா. அவளிடம் மறைக்க முடியாது. சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. வெஞ்சனத்தை மூடி வைத்தாள். பிறகு கேட்டாள்: "அந்த விசிறிக்குப் பக்கத்துல எண்ணெய் விட யாரு நிப்பாக?"

"பாண்டி."

"பேரிங்கு ஒடஞ்சா?"

ஆள் உயர விசிறி தண்டோடு சாய்ந்தால் பக்கத்தில் நிற்கிறவன் கதி என்ன என்று ஃபிட்டருக்குத் தெரியாதா? பாண்டி அகரத்துக்காரன், எங்கள் ஆயிலர். அவனும் நானும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கைராசிப் பேச்சைக் கிளப்பியவர்களில் அவனும் ஒருத்தன் என்று எனக்குத் தெரியும். அதற்காக அவனை விசிறிக்குப் பலி கொடுக்க முடியுமா? "குடோன்ல பேல உருட்டினாலும் சோறு கெடைக்குமுல்ல, போய்ச் சொல்லிருங்க" என்றாள்.

மறுநாள் காலை கை நோட்டைக் கந்தசாமி சார் மேஜையில் விரித்து வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். "கொஞ்சம் உட்காருங்களேன்" என்றார். உட்கார்ந்தேன். நோட்டையும் சுவரில் இருந்து எடுத்துவந்த காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்களே?"

"பாண்டி பக்கத்துல நிக்கிறான் சார்."

அவர் மேஜை இழுப்பறையில் இருந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். நான் ரப்பரைத் தேடினேன். "அழிக்காதீங்க. அது அங்கயே இருக்கட்டுமுங்க. பக்கத்துல நெசத்தையும் வைங்க" என்றார். மூன்று சிவப்புப் புள்ளி வைத்தேன். பென்சிலை அழுத்தியதில் ஒன்று கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

சார் அந்தக் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஏனுங்க லூர்து, பேரிங்கு பூட்டினது தப்புன்னா மாசியிலயே காட்டியிருக்கோணும். நான் வந்ததுல இருந்து பூஜை வரைக்கும் கோடு படுத்துக் கெடக்குது. பூஜை முடிஞ்சதும் எந்திரிக்குது. அந்த ஒரு நாள்ல என்ன பண்ணுனோமுங்க?"

போன இரண்டு தடவையும் இப்படித்தான் பூஜைக்குப் பிறகு சூடேறி மாசியில் போய்ச் சேர்ந்ததோ? அப்போது யார் எழுதி வைத்தார்கள்? அந்தச் சிவப்புப் புள்ளிகள் இல்லாவிட்டால் இப்போதும் தெரிந்திருக்காது.

அன்று மதியம் ஷிஃப்டு மாறும் நேரத்தில் விசிறியை நிறுத்தச் சொன்னார் சார். உற்பத்தி மேனேஜர் குதித்தார். கந்தசாமி சார் அவரிடம் காட்டிய மரியாதையைப் பார்த்து அந்த மனுஷன் தானாகவே அடங்கிவிட்டார். நான், பாண்டி, ரெண்டாம் ஷிஃப்டு ஆயிலர் ரங்கன் மூன்று பேரும் உள்ளே போனோம். சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பேரிங் உறையின் அடியில் கையை விட்டுத் தடவினார். "இங்க ஒரு அடைப்பு போல்ட்டு இருக்கோணுமுங்களே? தெறந்தா கூடிப்போன கிரீஸ் வெளிய வாரதுக்கு?"

அடைப்பு இருந்தது. பெயின்டுக்கு உள்ளே இருந்தது. பாண்டி கத்தியால் சுரண்டினான். இந்த வருஷத்துப் பச்சை, அதற்குக் கீழே போன வருஷத்து வெள்ளி, அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே ஒரு நீலம். வருஷா வருஷம் பூஜைக்கு அடித்த பெயின்ட். "அப்பு, இங்க ஒரு போல்ட்டு இருக்குன்னே எனக்குத் தெரியாதுலே" என்றான். எனக்குத் தெரியும். பார்த்திருக்கிறேன். எதற்கென்று நான் யோசித்ததில்லை. அதைத் திறந்ததும் கருகிப்போன கிரீஸ் கயிறு மாதிரி நீளமாக இறங்கிக்கொண்டே இருந்தது. அடுப்பில் தீய்ந்த எண்ணெய் வாடை அடித்தது.

மேல் மூடியைக் கழற்றி மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். உருளைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி விளக்கு அடித்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. மாசி வரை அப்படியே வெந்திருந்தால் போயிருக்கும். என் பேரிங் பிழைத்துக் கிடந்தது. மண்ணெண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அளவாகக் கிரீஸ் வைத்து ஓட்டிவிட்டோம். டீ வந்தது. சார் பராமரிப்பு அட்டையைக் கையில் எடுத்தார். மாதத்துக்கு இருபது அடி கிரீஸ் என்று அதில் இருக்கும். பூஜைக்கு முந்தின நாளில் ஒரே ஒரு டிக் இருந்தது. அட்டையில் ஒரு நாளுக்கு ஒரு கட்டம்தான், மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து.

"அன்னைக்கு யாருங்க கிரீஸ் அடிச்சீங்க?"

பாண்டி ரங்கனைப் பார்த்தான். ரங்கன் டீயைப் பார்த்தான். பொய் சொன்னவன் நான்தானே, முதலில் நானே வாயைத் திறந்தேன். "நான் அறுபது அடி அடிச்சேன் சார். அட்டையில போடல. இந்தப் பேரிங்காச்சும் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு அடிச்சேன்."

"அறுபதா!" என்றான் பாண்டி. பிறகு தலையைச் சொறிந்தான். "நான் ஒரு நாப்பது. நாளும் கெழமையுமா அதுக்கு வயிறு நெறயக் குடுக்கணும்ல சார். வருஷா வருஷம் குடுக்குறதுதான்."

ரங்கனும் நாற்பது. மற்றவர்கள் அடித்தது ஒருவருக்கும் தெரியாது. நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன், ஏழு மாதக் கிரீஸ் ஒரே நாளில் உள்ளே போயிருக்கிறது. போகிற வழியையும் பெயின்ட் அடித்து அடைத்துவிட்டோம். உருளைகள் அத்தனையையும் கடைந்துகொண்டே சுற்றினால் அது கொதிக்காமல் என்ன செய்யும்?

மூன்று பேரும் மரியாதையான வார்த்தைக்குக் காத்திருந்தோம். சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப நூத்தி நாப்பத்தி ரெண்டுங்க" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. "நானும் ரெண்டு அடி அடிச்சனுங்களே. கைதட்டுனீங்க."

ரங்கன் வாயிலிருந்த டீ வெளியே வந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். பாண்டி என் தோளில் கையைப் போட்டான். கிரீஸ் கைதான். "ஏலே லூர்து, உன் கைய நான்தாம்லே டீக்கடையில பேசினேன். மனசுல வச்சுக்காதலே" என்றான். அவன் கை என் சட்டையில் பதிந்த கறை கடைசி வரை போகவில்லை. ரீத்தா அந்தச் சட்டையைக் கரித்துணி ஆக்கிவிட்டாள்.

சூடு மறுநாளே இறங்கத் தொடங்கி, வாரத்துக்குள் ஐம்பத்து நான்கில் நின்றது. மாசி வந்தது, பங்குனியும் போனது. பேரிங் முனகிக்கொண்டு ஓடியது. ஒரு நாள் சார் என்னைக் கூப்பிட்டு இழுப்பறையில் இருந்து ஒரு தாளை எடுத்தார். என்னைக் குடோனுக்கு மாற்றுகிற உத்தரவு. டைப் அடித்து, மேலிடத்துக் கையெழுத்தோடு, விசிறியை நிறுத்திய சேதி போனதுமே ஐப்பசியில் வந்துவிட்டதாம். அத்தனை மாதமும் அவர் அதைப் பூட்டி வைத்திருந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஸ்கேலை வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டார். "பழைய சார்ட்டு நெறஞ்சுபோச்சுங்களே. காயிதத்த வீணாக்கக் கூடாதுங்க" என்று என் கையில் கொடுத்தார். அதைத்தான் சுவரில் மாட்டினேன்.

அடுத்த பூஜை நெருங்கியபோது எங்களுக்குக் கை துறுதுறுத்தது. சாருக்கும் தெரியும். "வேண்டாமுன்னு சொன்னா ஒளிச்சு ஒளிச்சுக் குடுப்பீங்க" என்றார். முந்தின நாள் காலையிலேயே இருந்த கிரீஸ் கன் அத்தனையையும் வாங்கி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பீரோவுக்குள் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினார். "இதுவும் ஆயுதந்தானுங்களே" என்றார். பூஜையில் வைத்த சாமானைப் பூஜை முடியாமல் எவன் தொடுவான்? பீரோவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நானும் பாண்டியும் வெறுங்கையோடு விசிறிக்கு முன்னால் நின்றோம். பாண்டி அதன் உறையைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். பூஜை முடிந்த முதல் நாள் பத்து மணிக்குச் சூடு ஐம்பத்து நான்கு. என் மாற்றல் உத்தரவின் முதுகில் அந்தப் புள்ளியை வைத்தேன்.

அந்தப் பேரிங் ஏழு வருஷம் ஓடியது. இரண்டாயிரத்துக்குப் பிறகு விசிறியையே மாற்றியபோதுதான் நல்ல நிலையில் வெளியே வந்தது. நான் ஃபிட்டராகவே ஓய்வு பெற்றேன்.

இதையெல்லாம் போனில் அந்த இன்ஜினியர் தம்பியிடம் சுருக்கமாகச் சொன்னேன். சிரித்தார். "இப்பதான் சென்சார் இருக்கே சார். இனிமே முந்தின நாளே பூட்டணுமா?" என்று கேட்டார்.

"சூடு ஏறினப்புறந்தான் தம்பி சென்சார் சொல்லும்" என்றேன். "ஆமா, இப்ப ஹெச் பிளான்டுல ஆயிலர் யாரு?"

"பாண்டி மகன் சார்."

"அப்ப பூட்டியே வைங்க."